உபதேசியாரின் வாயில் வந்த வார்த்தை

வேதபாடம். வாசிக்கவேண்டிய பகுதிகள்: மத்தேயு 12:22-37, எபேசியர் 4:25-32, யாக்கோபு 3:1-12



சில மாதங்களுக்கு முன் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நம்முடைய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். அசனப் பண்டிகை முடிந்ததும் வருஷந்தோறும் வருகிறவர்கள். படுக்கை விரிப்புகளும், ஒரு மூட்டை அரிசியும், வியாதியஸ்தருக்கு ரொட்டியும் பழமும் கொண்டுவந்தார்கள். ஆண்கள் வார்டில் நின்று ஒரு பாட்டுப் பாடி, ஒரு சகோதரி ஜெபம்பண்ணத் தொடங்கினபோது, ஜன்னலோரக் கட்டிலிலிருந்த ஒரு முதியவர் உரத்த சத்தமாய் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார். ஒரு தடவையல்ல, நாலைந்து தடவை. தாயைக் குறித்து நம்முடைய தெருக்களில் சொல்லப்படும் வார்த்தை அது. ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. வாலிபப் பெண்கள் இரண்டுபேர் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

பிறகு சங்கத்தில் மூத்த அம்மா ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார்கள். "அய்யா, தப்பா நினைக்காதீங்க. கேட்காம போக மனசு வரல. மிஷன் ஆஸ்பத்திரி வார்டுல இப்படிப் பேச விடலாமா? அந்த ஆளு எந்த மதம்?" என்று கேட்டார்கள்.

"கிறிஸ்தவர்தாம்மா. 36 வருஷம் உபதேசியாரா இருந்தவர்" என்றோம்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் அவசரப் பதில். விசுவாசமுள்ள வாயில் கெட்ட வார்த்தை இருக்கலாமா என்ற அந்தக் கேள்வியை நிதானமாய் ஆராய்வதற்கே இந்தப் பாடம். உபதேசியாரின் குடும்பத்தார் சம்மதத்தோடு, ஊரும் பேரும் சொல்லாமல் எழுதுகிறோம்.

தேரிக்காட்டுப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒருநாள் இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் கையிலிருந்த தட்டு விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சுக் குழறியது. வீட்டார் எண்ணெய் தேய்த்து, விடியுமட்டும் முழங்காலில் நின்று ஜெபித்து, காலை ஒன்பது மணிக்கு நம்மிடம் கொண்டுவந்தார்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு உண்டானால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அந்த நேரம் தாண்டிப்போயிற்று. வாசிக்கிறவர்கள் இதைத் தங்கள் சபைகளில் தயவுசெய்து சொல்லுங்கள்: ஜெபியுங்கள், ஆனால் வண்டியில் ஏற்றிக்கொண்டே ஜெபியுங்கள்.

வலது கையும் காலும் விழுந்துபோயிற்று. பேச்சும் போயிற்று. எட்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதாம் நாள் சிஸ்டர் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது சத்தம் வந்தது. "பேசிட்டாங்க!" என்று அவர் மனைவி எழுந்து ஓடிவந்தார்கள். கிட்டே வந்தபின்புதான் அது என்ன வார்த்தையென்று அவர்களுக்குத் தெரிந்தது.

அன்றுமுதல் அவருக்கிருந்த பேச்சு அது ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமானாலும் அந்த வார்த்தை. சென்னையிலிருந்து மகள் வந்து கையைப் பிடித்தபோது கண்ணீர் ஓட ஓட அந்த வார்த்தை. நாங்கள் வேதத்தைத் திறந்தாலும் அதே வார்த்தை. உபதேசியாரம்மா கட்டிலைச் சுற்றி மறைப்புத் திரையை இழுத்துவிட்டார்கள். பார்க்க வருகிற சபையாரிடம், "தூங்குறாங்க, இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லி வாசலோடு அனுப்பினார்கள்.

ஒருநாள் ஒரு சகோதரர் திரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். கேட்டார். போகும்போது, இருதயத்தில் நிறைந்திருப்பதையே வாய் பேசும் என்று ஆண்டவர் சொன்னதை அந்த அம்மாவுக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போனார் (மத்தேயு 12:34). இன்னொருவர், இது அசுத்த ஆவி, உபவாசமிருந்து துரத்தவேண்டும் என்றார். அன்று சாயங்காலம் அந்த அம்மா எங்களிடம் கேட்டதை நாங்கள் மறக்கமாட்டோம். "அய்யா, 44 வருஷம் கூட வாழ்ந்தேன். 'சனியனே'ன்னுகூட ஒரு நாள் சொன்னதில்ல. இது எங்கய்யா இருந்துச்சு? இவ்வளவு நாளும் உள்ளேயா இருந்துச்சு?"

நாங்கள் முதலில் டாக்டரிடம் போனோம்; பிறகுதான் வேதத்தைத் திறந்தோம். அந்த வரிசையிலேயே இங்கும் எழுதுகிறோம்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை உண்டாக்குவது மூளையின் இடது பாகம். அங்கே இரத்த ஓட்டம் தடைபட்டால் வலது கை, காலோடு பேச்சும் போகும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆரம்பத்தில் இந்தக் கஷ்டம் உண்டு. 1861இல் பாரிஸ் அருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் பால் புரோகா என்ற டாக்டர், லெபோர்ன் என்ற நோயாளியைப் பரிசோதித்தார். 21 வருஷமாக எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே சத்தத்தைத்தான் அவர் சொல்லிவந்தார். ஆனால் கோபம் வந்தால் மாத்திரம் தேவனுடைய நாமத்தை இழுத்துச் சொல்லும் ஒரு பிரெஞ்சு வசைச்சொல் அவர் வாயில் தெளிவாய் வந்தது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துப் புரோகா கண்டுபிடித்த இடத்துக்கு இன்றும் புரோகாவின் பேர்தான். அதற்குச் சில வருஷம் பின்பு லண்டனில் ஹூலிங்ஸ் ஜாக்சன் என்ற டாக்டர் இதற்கு விளக்கம் கொடுத்தார். நாமே யோசித்து, வார்த்தைகளைத் தேடிக் கோத்துப் பேசுவது ஒரு வகைப் பேச்சு. யோசிக்காமல் தானாக வருவது வேறு வகை. முதலாவது போனாலும் இரண்டாவது தங்கியிருக்கலாம். எண்களை வரிசையாய்ச் சொல்லுவது, கிழமைகளின் பேர்கள், மனப்பாடமான ஜெபம், சிறுவயதில் படித்த பாட்டு, வசைச்சொல் எல்லாம் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. மூளையின் வலது பாகமும் உட்பகுதிகளும் அவற்றைக் காப்பதாக ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரிக்காரராகிய எங்களைக் குத்தின விஷயம் ஒன்று உண்டு. போதலேர் என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1866இல் பெல்ஜியத்தின் நமூர் பட்டணத்தில் ஒரு தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். சில நாட்களில் வலது பக்கம் வாதமாகி, பேச்சுப் போயிற்று. பிரசல்ஸில் கன்னியாஸ்திரிகள் நடத்தின ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவருக்கு மிஞ்சியிருந்ததும் ஒரே வசைச்சொல்தான்: "க்ரே நோம்". பரிசுத்த நாமம் என்பதன் சிதைந்த உருவம் அது. அவர் எழுதின கவிதைகளுக்காக 1857இலேயே கோர்ட்டில் அபராதம் கட்டினவர். சகோதரிகளோ, வேண்டுமென்றே தூஷிக்கிறார் என்று எண்ணினார்கள். அவர் வெளியேறினபின் அந்த அறையைச் சுத்திகரிக்கச் சடங்கு செய்தார்கள் என்று அவர் சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டு 31ஆம் தேதி அவர் பாரிஸில் மரித்தார். அந்தச் சகோதரிகள் கெட்டவர்கள் அல்ல. வியாதியைப் பாவமென்று வாசித்துவிட்டார்கள்.

சரி, உபதேசியாருக்கு அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது? உங்களுக்கும் எங்களுக்கும் எங்கேயிருந்து வந்ததோ அங்கேயிருந்துதான். நாம் யாரும் அதை அறியாதவர்கள் அல்ல. வேலியோரச் சண்டையில், பஸ் ஸ்டாண்டில், பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் காது கேட்டது. கேட்டதை மூளை வைத்துக்கொண்டது. ஒரு வார்த்தையை அறிந்திருப்பது வேறு, அதை நேசித்து வைத்திருப்பது வேறு. அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னோம்: "அம்மா, உள்ளே இருந்தது உண்மைதான். 44 வருஷம் அதை உங்க மேல அவர் எடுத்து வீசல. அதுதான் அவருடைய இருதயம்."

இனி வேதத்துக்கு வருவோம். மத்தேயு 12:34ஐ அந்தச் சகோதரர் எங்கேயிருந்து எடுத்தார் என்று பாருங்கள். 22ஆம் வசனத்தில் கதை ஆரம்பிக்கிறது. பேச்சில்லாத ஒரு மனிதனை ஆண்டவரிடத்தில் கொண்டுவருகிறார்கள், அவனைச் சொஸ்தமாக்குகிறார், அவன் பேசுகிறான். ஜனங்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அப்பொழுது பரிசேயர், இது பெயெல்செபூலின் வேலை என்கிறார்கள். நிறைந்த இருதயத்தையும் பேசும் வாயையும்பற்றி ஆண்டவர் சொன்னது யாரைப் பார்த்து? நாவு கட்டப்பட்டிருந்தவனைப் பார்த்து அல்ல. அவனுக்குக் கிடைத்த இரக்கத்தைப் பிசாசின் கிரியை என்று சொன்ன, படித்த, பக்தியுள்ள மனிதரைப் பார்த்து. அவர்கள் ஒரு அசுத்தமான சொல்லும் சொல்லவில்லை; சபையில் உட்கார்ந்து பேசத்தக்க பாஷையில்தான் பேசினார்கள். இலங்கைத் தமிழர் தெருவில் பேசும் கெட்ட வார்த்தைக்கே "தூஷணம்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆண்டவர் தூஷணம் என்று கடுமையாய்ச் சொன்ன இந்த இடத்திலோ, கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அந்த மனிதனுக்குப் பிசாசு பிடித்திருந்ததாக எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். எழுதியிருக்கிறதுதான். ஆனால் அதே மத்தேயு 4:24இல் பிசாசு பிடித்தவர்களையும் திமிர்வாதக்காரரையும் தனித்தனியாகச் சொல்லுகிறார். சுவிசேஷகர் பிரித்து வைத்ததை நாம் சேர்த்துக் குழப்பவேண்டியதில்லை.

ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் ஒரு ஞாயிறு மாலை. நர்சிங் மாணவிகள் வார்டில் ஒரு பழைய கீர்த்தனையைப் பாடினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் சேர்ந்துகொண்டது. சுருதி கொஞ்சம் விலகினாலும் வார்த்தைகள் தெளிவாயிருந்தன. உபதேசியாரம்மா திரையை ஒதுக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பாட்டு நின்றதும் பேச்சும் நின்றது; மறுபடி அந்தப் பழைய வார்த்தைதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதை நன்றாய் அறிவார்கள். 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் பட்டணத்தில், ராகத்தை வைத்தே பேச்சுக்கு வழி திறக்கும் ஒரு பயிற்சி முறையை டாக்டர்கள் ஏற்படுத்தினார்கள். கர்த்தருடைய ஜெபமும் அப்படியே. நாங்கள் ஆரம்பித்தால் கடைசிமட்டும் சொல்லுவார். நடுவில் இருமல் வந்து நின்றுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்கத் தெரியாது. முதலிலிருந்து நாங்கள் எடுத்துக்கொடுக்கவேண்டும்.

"பாத்தீங்களா, விசுவாசம் போகல" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் நியாயமாய் யோசித்தால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கெட்ட வார்த்தை அவருடைய இருதயத்துக்குச் சாட்சி அல்லவென்றால், அந்த ஜெபமும் தன்னளவில் சாட்சி ஆகாது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. அவர் விசுவாசி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சைக்கிளில் மணலில் தள்ளிக்கொண்டு அவர் போய்ச் சந்தித்த வீடுகளைக் கொண்டு தெரியும். மீதியைத் தேவன் அறிவார். வார்த்தைக்கு அடங்காத பெருமூச்சுகளைக்கொண்டும் ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26இல் பவுல் எழுதியிருப்பது இப்படிப்பட்ட படுக்கைகளுக்கும் பொருந்துமென்று நம்புகிறோம்.

இந்த நியாயம் நம்மேலும் திரும்புகிறது. ஞாயிறுதோறும் நாம் சொல்லுகிற விசுவாசப் பிரமாணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது? நமக்குப் பக்கவாதம் இல்லை. நம்முடைய பேச்சு முழுவதும் நம்முடைய கையில் இருக்கிறது. யோசித்து, தேர்ந்தெடுத்து, ஒருவரைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையைப்பற்றித்தான் வேதம் கேட்கிறது.

வலியில் கத்துகிறவரையும் இங்கே சேர்க்கவேண்டுமா? பல வருஷங்களுக்கு முன், நாங்கள் ஊழியஞ்செய்த வேறொரு இடத்தில், லாரி மோதிக் கால் நசுங்கின ஒரு டிரைவர் இருந்தார். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் வார்டே கேட்கக் கெட்ட வார்த்தை சொல்லுவார். ஒருநாள் நாங்கள் கட்டிலருகே போய், "தம்பி, இது மிஷன் ஆஸ்பத்திரி. இங்க இப்படிப் பேசக்கூடாது" என்று எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டோம். அவர் நிறுத்திவிட்டார். அதற்குப்பின் கட்டுப் பிரிக்கும்போது விரிப்பைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டார் என்று சிஸ்டர் சொன்னார்கள். நாங்கள் வார்டுக்குள் நுழைந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளுவார். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்வரையில் ஒரு வார்த்தை எங்களோடு பேசவில்லை. அவருக்குச் சுவிசேஷம் சொல்ல எங்களுக்கிருந்த வாசலை நாங்களே சாத்திவிட்டோம்.

2009இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்டீபன்ஸ் என்பவரும் அவரோடுகூட வேலைசெய்தவர்களும் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாணவர்களை ஐஸ் போன்ற தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். சாதாரண வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதைவிட, வசைச்சொல்லைச் சொன்னபோது அவர்களால் அதிக நேரம் தாங்கமுடிந்தது. 2020இல் வசைச்சொல் போலக் கேட்கும் புதுச் சொற்களைப் புனைந்து சோதித்தார்கள்; அவை வலி தாங்க உதவவில்லை. இன்னொரு விஷயமும் 2011இல் கண்டார்கள்: அன்றாடம் அதே வார்த்தையாய்ப் பேசுகிறவர்களுக்கு இந்த உதவி குறைவாய்த்தான் கிடைக்கிறது. தினமும் விழுங்கினால் வலி மாத்திரையும் கேட்காது அல்லவா?

இதைக் காட்டிக் கெட்ட வார்த்தைக்கு அனுமதிச் சீட்டு எழுதவில்லை. யோபு தான் பிறந்த நாளைச் சபித்தான் (யோபு 3). எரேமியாவும் அப்படியே செய்தான் (எரேமியா 20:14). அழகாய்ப் பேசின சிநேகிதரைப் பார்த்துத்தான், யோபைப்போல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவன் கோபப்பட்டார் (42:7). வேதனையில் வெடித்து வருவதைத் தேவன் கேட்டுக்கொள்ளக்கூடியவர் என்றுமட்டும் சொல்லுகிறோம். எங்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லாமற்போயிற்று.

ஆனால் ஒரு ஆளைப் பார்த்து வீசுகிற வார்த்தை வேறு. எபேசியர் 4:29இல் நம்முடைய வேதம் "கெட்ட வார்த்தை" என்று மொழிபெயர்த்த இடத்தில், கெட்டது என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல் "சப்ரோஸ்". மத்தேயு 13:48இல் வலையில் விழுந்த ஆகாத மீன்களைச் சொல்லுவதும் அதே சொல்தான். கடற்கரையூர்க்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. பவுல் கொடுக்கிற அளவுகோலையும் கவனியுங்கள்: கேட்கிறவனுக்குப் பக்திவிருத்தி உண்டாகிறதா, கேட்கிறவனுக்குக் கிருபை கிடைக்கிறதா? சொல்லின் ஒலியைப் பார்க்காமல் கேட்கிறவனைப் பார்க்கச் சொல்லுகிறார்.

அப்படிப் பார்த்தால் தமிழில் நாம் சாதாரணமாய்க் கேட்கும் வசைச்சொற்கள் எவ்வளவு பொல்லாதவை! இரண்டு ஆண்கள் சண்டையிட்டால் அடி விழுவது அங்கே இல்லாத ஒரு தாய்மேல், ஒரு சகோதரிமேல். அந்தத் தாய் யாருக்கு என்ன செய்தாள்? "கோபத்துல வந்துடுச்சு" என்று சொல்லும் விசுவாசி, வாதத்தில் கிடப்பவர் அல்ல; தேர்ந்தெடுத்துத்தான் சொல்லுகிறான். தன் முதலாளிக்கு முன்பாக அதே கோபத்தில் அது வருவதில்லையே. இப்படிப்பட்ட பேச்சுக்கு விசுவாசத்தில் இடமில்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஜாதிப் பேரைச் சொல்லித் திட்டுவதும் இதில் சேரும். பட்டியல் ஜாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் அப்படித் திட்டுவது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2015இல் செய்த திருத்தம் அதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் நம்முடைய வீடுகளில் பிள்ளைகள் வாயில் மற்ற வார்த்தை வந்தால் அடிக்கிறோம், இது வந்தால் காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறோம். சபைத் தேர்தல் சமயத்தில் நம்மவர்கள் பேசிக்கொள்ளுவதைப்பற்றி எழுத எங்களுக்குத் துணிவில்லை.

மத்தேயு 5:22இல் ஆண்டவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களைப் பாருங்கள். "ராக்கா" என்பது வெறுமையானவன் என்ற அர்த்தமுள்ள அரமாயிக் சொல். நம்முடைய வேதத்தில் "வீணன்" என்றிருக்கிறது. மற்றது "மூடன்". இரண்டையும் நாம் கெட்ட வார்த்தையாகவே எண்ணுவதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தினமும் சொல்லுவதுதான். ஒரு மனிதனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று தள்ளுகிற அந்தச் சொல்லைத்தான் அவர் கொலையின் பக்கத்தில் வைக்கிறார்.

ஆகையால், வார்டில் கேட்ட வார்த்தைக்காக எங்களிடம் வருத்தப்பட்ட நீங்கள், கேட்காத வார்த்தைக்காகவும் எங்களைக் கேட்கவேண்டும். சொல்ல வெட்கமாயிருக்கிறது. பிரசவ வலியில் அலறுகிற பெண்ணைப் பார்த்து, "அன்னைக்கு இந்த வலி தெரியலையோ?" என்று கேட்கும் வழக்கம் நம்முடைய நாட்டின் பிரசவ அறைகளில் உண்டு. அதில் அசுத்தமான சொல் ஒன்றும் இல்லை. சொன்னவர்கள் காலை ஜெபத்தில் எங்களோடு பாடினவர்களாயிருந்ததும் உண்டு. பிரசவ நேரத்தில் பெண்களை இப்படி அவமதிப்பதை ஒழிக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. நம்முடைய அரசாங்கமும் 2017இல் ஆரம்பித்த லக்ஷ்யா திட்டத்தில், மரியாதையான பிரசவ கவனிப்பை ஒரு நோக்கமாகவே வைத்தது. யாக்கோபு இதற்கு ஏறக்குறைய 1900 வருஷம் முன்பே, தேவசாயலான மனுஷனைச் சபிக்கும் வாயும் தேவனைத் துதிக்கும் வாயும் ஒன்றாயிருப்பதைக் கண்டு அதிர்ந்துபோனான். அந்த அறைக்கு வெளியே இப்போது அவளுடைய தாயோ மாமியாரோ உடனிருக்க அனுமதிக்கிறோம். சத்தம் குறைந்திருக்கிறது, இரு தரப்பிலும்.

லேவியராகமம் 19:14இல் காது கேளாதவனைச் சபிக்கவேண்டாம் என்று ஒரு கட்டளை உண்டு. சபித்தாலும் அவனுக்குக் கேட்கப்போவதில்லையே, எதற்காக அந்தக் கட்டளை என்று செமினரியில் படிக்கும்போது யோசித்ததுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கும்போது அர்த்தமாகிறது. நினைவில்லாமல் கிடப்பவருடைய தலைமாட்டில் நின்று, "இது தேறாத கேஸ்" என்றும், சொத்துப் பத்திரம் எங்கே என்றும் பேசுகிறோம். 2020இல் கனடாவின் வான்கூவரில், மரணத்துக்குச் சில மணி நேரம் முன்பு பதில் கொடுக்கக்கூடாத நிலையிலிருந்தவர்களை ஆராய்ந்து, அவர்களில் சிலருடைய மூளை சத்தங்களுக்கு இன்னும் ஒத்துழைத்ததாகக் கண்டார்கள். கேட்காவிட்டாலும் கட்டளை கட்டளைதான்.

நர்சுகளுக்காகவும் ஒரு வார்த்தை. சீமேயி கல்லெறிந்து சபித்தபோது, தலையை வாங்கட்டுமா என்று அபிசாய் கேட்டான். தாவீது விடச் சொன்னான் (2 சாமுவேல் 16). மூளைக் காய்ச்சலில் உளறுகிற நோயாளி திட்டும்போது நம்முடைய சிஸ்டர்கள் தாவீதைப்போலத்தான் நடந்துகொள்ளுகிறார்கள், நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் குடித்துவிட்டு வந்து ராத்திரி டியூட்டியிலிருக்கும் பெண்ணிடம் அசிங்கமாய்ப் பேசும் உறவினருக்கு அந்த வசனத்தைக் கொடுக்கமாட்டோம். அவர்களை வாட்ச்மேன் வெளியே அனுப்புவார். கை ஓங்கினால் 2008ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது.

உபதேசியாருடைய காரியத்தை முடிக்கவேண்டும். வீட்டுக்குப் போகுமுன் திருவிருந்து வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார்கள். அவர்களுடைய சபையில் சிலர், அந்த வாயில் எப்படிக் கொடுப்பது என்று சொல்லியிருந்தார்கள். முற்றத்தில் சபித்துச் சத்தியம்பண்ணின பேதுருவைக் கரையில் நெருப்பருகே சந்தித்த ஆண்டவர், அந்த வார்த்தைகளைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தம்மை நேசிக்கிறாயா என்று கேட்டு, ஆடுகளை ஒப்புவித்தார் (யோவான் 21). பேதுருவோ அறிந்தே சொன்னவன். நாங்கள் அப்பத்தை உபதேசியாரின் நாவில் வைத்தோம். "ஆமென்" என்று சொல்லவேண்டிய இடத்தில் அந்த வார்த்தை வந்தது. அவர் கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலே வாசித்தோம்.

இப்போது அவர் வீட்டிலிருக்கிறார். இடது கையால் சாப்பிடுகிறார். "தண்ணி", "வா" என்று இரண்டு சொற்கள் பயிற்சியினால் வந்திருக்கின்றன. பழையது போகவில்லை. தெருப்பிள்ளைகள் சில நேரம் சிரிக்கிறார்களாம்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இந்த வருஷமும் வருகிறதாக எழுதியிருக்கிறார்கள். என்ன கொண்டுவரவேண்டும் என்று அந்த மூத்த அம்மா கேட்டிருந்தார்கள். விரிப்புகள் போதும், வழியில் இறங்கி உபதேசியார் வீட்டுக்குப் போய்வாருங்கள் என்று பதில் எழுதியிருக்கிறோம். பழைய கீர்த்தனையாய் ஒன்று எடுத்தால் அவரும் பாடுவார். அந்த வார்த்தை வந்தால் ஜெபத்தை நிறுத்தவேண்டாம்.